மழை நின்ற பிறகும் ஓடும் நீர்: வடிகால் அனுமதியை ஊர்கள் எப்படி நிறைவேற்றுகின்றன?

வாசகர் கேள்வி, 5 அக்டோபர் 2024

மாசச்சூசெட்ஸில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் இந்த ஆண்டு முதல் மழைநீருக்கென்று தனிக் கட்டணம் வசூலிக்கிறார்கள். ஃபெடரல் அரசின் வடிகால் அனுமதியை நிறைவேற்றவே அந்தப் பணம் என்கிறார்கள். அந்த அனுமதியை எடுத்துப் படித்துப் பார்த்தேன். சாலையோர மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரு, தெருவைப் பெருக்கு, நாய் வளர்ப்போருக்கு அறிவிப்பு அனுப்பு, ஆண்டறிக்கை கொடு என்று பக்கம் பக்கமாக வேலைப் பட்டியல்தான் இருக்கிறது. ஆற்று நீர் எந்த அளவுக்குத் தூய்மையாக இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணைக் கொடுத்து, அதை எட்டும் வழியை ஊரிடமே விட்டுவிட்டால் ஆகாதா? இப்போது நடப்பது வெறும் காகித வேலை என்பது என் கருத்து.

6 அக்டோபர் 2024

சார்ல்ஸ் ஆற்றுப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரின் பொதுப்பணித் துறையில் பதினோரு ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த ஆண்டறிக்கையை நிரப்புபவன் நான்தான். போன வாரம்தான் இந்த ஆண்டுக்கானதை அனுப்பி முடித்தேன். ஆகவே உங்கள் கருத்தோடு பாதி ஒத்துப்போகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சாலையோரக் கம்பிச்சட்டத்துக்குள் போகும் நீர் எங்கோ ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படியில்லை. கழிவறை நீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு வேறொரு குழாய். மழைநீர்க் குழாய் நேராக ஓடையில் போய்த் திறக்கிறது. நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. தனி மழைநீர் வடிகால் அமைப்பு என்ற பொருளில் இதைத்தான் எம்.எஸ்.4 என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் முதலில் குறிவைத்தது ஆலைகளையும் கழிவுநீர் நிலையங்களையும்தான். 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி ஊர் வடிகால்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் ஊர்களுக்கான விதி 1990-இலும், நகர்ப்புறப் பகுதியில் அடங்கும் சிறிய ஊர்களுக்கான விதி 1999-இலும் வந்தன.

ஆலைக்குச் சொல்வது போல ‘லிட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் விடாதே’ என்று ஊருக்குச் சட்டம் சொல்லவில்லை. மாசை ‘நடைமுறையில் இயன்ற உச்ச அளவுக்கு’க் குறைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தச் சொற்றொடருக்கு அளவுகோல் எதுவும் சட்டத்தில் இல்லாததால், ஆறு வகை வேலைகளை விதி வகுத்தது: மக்களுக்கு எடுத்துச் சொல்வது, அவர்களையும் பங்கேற்கச் செய்வது, வடிகாலில் கள்ளத்தனமாகச் சேரும் கழிவைக் கண்டுபிடித்து நிறுத்துவது, கட்டுமான இடங்களிலிருந்து மண் கரைந்து வராமல் பார்த்துக்கொள்வது, கட்டி முடித்த பிறகும் அந்த மனையின் நீரைக் கவனிப்பது, ஊர் நிர்வாகம் தன் சொந்த முற்றத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது. நீங்கள் பார்த்த பட்டியல் இந்த ஆறின் விரிவுதான். அனுமதியின் ஆயுள் ஐந்து ஆண்டு. அதன் பிறகு புதிதாக எழுதுவார்கள்.

எண்ணைக் கொடுத்துவிட்டு வழியை எங்களிடம் விட்டால் எனக்கும் மகிழ்ச்சிதான். தொட்டிகளை எண்ணுவதில் போகும் நேரத்தை ஆற்றைப் பார்ப்பதில் செலவிடலாம்.

7 அக்டோபர் 2024

ஐந்து ஆண்டு என்று நேற்று எழுதியது சட்டப்படி சரி, நடைமுறைப்படி நகைச்சுவை. மாசச்சூசெட்ஸில் இந்த அனுமதியை வழங்குவது மாநிலம் அன்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ நேரடியாக வழங்குகிறது. சிற்றூர்களுக்கான முதல் அனுமதி 2003-இல் வந்தது, 2008-இல் காலாவதியானது, ஆனாலும் 2018 வரை செல்லுபடியானது. அடுத்ததை 2016 ஏப்ரலில் வெளியிட்டார்கள். அது 2017 ஜூலையில் தொடங்கியிருக்க வேண்டியது. தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு ஓராண்டு ஒத்திவைத்தார்கள். முடிவு நாளை மட்டும் நகர்த்தாததால் அது 2022 ஜூனிலேயே காலாவதியாகிவிட்டது. புதியது வரும்வரை பழையதே தொடரும் என்பது விதி. ஆக, காலாவதியான ஒரு தாளுக்குத்தான் ஆண்டுதோறும் கணக்கு ஒப்புவிக்கிறேன்.

13 அக்டோபர் 2024

கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை. ‘ஆற்றில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடுமே’ என்று மறுபடியும் எழுதியிருக்கிறார். தெரியும்தான், ஆனால் அழுக்கு யாருடையது என்பது தெரியாது. லாஸ் ஏஞ்சலஸில் இது நடந்தது. அங்கே லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றிலும் சான் கேப்ரியல் ஆற்றிலும் நிறுவிய அளவு நிலையங்களில் வரம்பு மீறல்கள் திரும்பத் திரும்பப் பதிவாயின. சுற்றுச்சூழல் அமைப்புகள் இரண்டு மாவட்ட நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டன. மேலே எண்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள் தண்ணீர் விடுகின்றன, இது எங்கள் அழுக்குதான் என்பதற்கு என்ன சான்று என்று எதிர்த்தரப்பு கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சிமென்ட் பூசிய ஆற்றுப் பகுதியிலிருந்து பூசாத பகுதிக்கு அதே ஆற்றின் நீர் பாய்வதை ‘வெளியேற்றம்’ என்று சொல்ல முடியாது என்ற குறுகிய விடையை மட்டும் 2013 ஜனவரியில் அந்த நீதிமன்றம் தந்தது. அதே ஆண்டு கீழ்நீதிமன்றம் வழக்கைத் திரும்ப எடுத்து, அனுமதியே அந்த அளவு நிலையங்களைத்தான் சாட்சியாக வைத்திருக்கிறது, ஆகவே பொறுப்பு உண்டு என்று தீர்த்தது. ஆறு அழுக்காக இருந்தது என்பதில் ஒருவருக்கும் ஐயம் இருந்ததில்லை. யார் துடைப்பது என்பதற்குத்தான் இத்தனை ஆண்டுகள்.

ஒரே ஊர் ஒரே ஆற்றில் விடும் இடமாக இருந்தால் உங்கள் யோசனை சரிப்படும். எங்கள் ஓடைக்கு மூன்று ஊர்களும் ஒரு மாநில நெடுஞ்சாலையும் தண்ணீர் அனுப்புகின்றன.

27 அக்டோபர் 2024

நீளமாக எழுத வேண்டிய ஒன்று நடந்துவிட்டது. இதில் என் பிழையும் இருக்கிறது.

மழைநீர்க் குழாய் ஓடையில் திறக்கும் வாயை நாங்கள் வெளிவாய் என்று வைத்துக்கொள்வோம். மழையில்லாத நாளில் ஒவ்வொரு வெளிவாயையும் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது அனுமதி. முந்தைய 24 மணி நேரத்தில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மழை பெய்திருக்கக் கூடாது, பனியும் பெரிதாக உருகியிருக்கக் கூடாது. மழையே இல்லாதபோது மழைநீர்க் குழாயில் நீர் வந்தால் அது நிலத்தடி நீராக இருக்கலாம், குடிநீர்க் குழாயின் கசிவாக இருக்கலாம், யாரோ வீட்டின் கழிவாகவும் இருக்கலாம். அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமும், சோப்புப் பொருள் 0.25 மில்லிகிராமும் எட்டி, அவற்றோடு பாக்டீரியா வரம்பைத் தாண்டியோ குளோரின் தென்பட்டோ இருந்தால், கழிவுநீர் கலப்பதாகவே கொள்ள வேண்டும். எண்ணெல்லாம் பார்ப்பதற்கு முன் மூக்கே சொல்லிவிடுவதும் உண்டு. மோப்பத்தையும் சான்றாக ஏற்கும் அரசு ஆவணம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இந்த இலையுதிர் காலத்தில் கிழக்கு மாசச்சூசெட்ஸில் மழை என்பதே இல்லை. வெளிவாய்களைப் பார்க்க இதைவிட நல்ல காலம் அமையாது என்று சுற்றிவந்தேன். ஆரம்பப் பள்ளிக்குப் பின்னால் ஒரு வெளிவாய் இருக்கிறது. முன்பு மூன்று முறை அதைப் பார்த்து மூன்று முறையும் ‘உலர்ந்தது, ஓட்டமில்லை’ என்று எழுதியவன் நான். இந்த முறை ஒரு சனிக்கிழமை காலையில், அதுவும் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, குழாயின் உதட்டிலிருந்து விரல் தடிமனில் நீர் வடிந்துகொண்டிருந்தது. விழும் இடத்தில் வெள்ளை நுரை. கல்லில் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஏதோ படிந்திருந்தது. அந்தப் படிவு ஒரு வாரத்தில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

திங்களன்று இரண்டு பணியாளர்களோடு போய், வெளிவாயிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மேன்ஹோலாகத் திறந்தோம். எல்லாம் உலர்ந்து கிடந்தன. கிளைகள் கூடும் மேன்ஹோல்களில் குழாயின் அடியில் சிறு மணல் மூட்டையை வைத்து இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். எந்த மூட்டைக்குப் பின்னால் நீர் தேங்குகிறதோ அந்தக் கிளைதான். கூடவே, சலவை வெண்மையேற்றி படாத பஞ்சுத் துண்டைக் கம்பிக்கூட்டில் வைத்துத் தொங்கவிட்டோம். துவைக்கும் பொடியில் துணியை வெள்ளையாகக் காட்டுவதற்கென்று ஒரு பொருள் கலக்கிறார்கள். அது பஞ்சில் ஒட்டிக்கொண்டால் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். நான்கு பஞ்சுகளில் ஒன்று மட்டும், அலுவலக அறையின் விளக்கை அணைத்ததும், திருவிழாக் கடையில் விற்கும் பொம்மையைப் போல ஒளிர்ந்தது.

அந்தக் கிளையில் பதினொரு வீடுகள். ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி அனுமதி கேட்டுக் கழிவறையிலும் துவைக்கும் இடத்திலும் பச்சைச் சாயத்தை ஊற்றினோம். ஏழாவது வீட்டின் நிலவறையில் ஊற்றிய சாயம் நான்கு நிமிடத்தில் மழைநீர் மேன்ஹோலில் வந்து நின்றது. முன்பு இருந்த யாரோ நிலவறையில் ஒரு கழிவறையும் சலவை இயந்திரமும் வைத்தபோது, கிட்டத்தில் இருந்த குழாயில் இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போதைய வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. மேன்ஹோலை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வி, ‘இருபத்தாறு வருடமாகவா?’ என்பது. அவர் அங்கே குடிவந்து இருபத்தாறு வருடம்.

என் பிழைக்கு வருகிறேன். மூன்று முறையும் வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். துணி துவைப்பது வார இறுதியில். அனுமதி கேட்டதையெல்லாம் எழுத்துப்படி செய்து, மூன்று முறையும் கட்டத்தில் குறியிட்டு, ஒன்றையும் காணாமல் வந்திருக்கிறேன்.

28 அக்டோபர் 2024

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, அது இரு பக்கமும் வெட்டும் கத்தியாகத் தெரிகிறது. பட்டியலை நிறைவேற்றியும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்பதற்கு அந்த மூன்று பதிவுகளே சான்று. அதே சமயம், பட்டியல் இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பின்புறத்துக்கு நான் ஒரு முறைகூடப் போயிருக்க மாட்டேன், மணல் மூட்டை வைக்கும் முறையும் தெரிந்திருக்காது. ஆற்றுக்கு ஓர் எண் மட்டும் இருந்திருந்தால், ஒரு வீட்டின் சலவை நீர் அந்த எண்ணைத் துளியும் அசைத்திருக்காது. எண் கொடுத்தால் மகிழ்ச்சி என்று 6-ஆம் தேதி எழுதியதை இப்போதைக்குத் திரும்பப் பெறுகிறேன்.

செலவு யாருடையது என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஊரில் வீட்டுக்காரருடையது. அறுபது நாளுக்குள் நிறுத்த முடியாவிட்டால் எப்போது முடியும் என்று கால அட்டவணை போட்டாக வேண்டும். நிலம் உறைவதற்கு முன் தோண்டிவிட வேண்டும் என்று குழாய் வேலைக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

12 நவம்பர் 2024

இனி பாஸ்பரஸ். சார்ல்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்வதற்கு அதுவே முதல் காரணம். ஆறு தாங்கக்கூடிய பாஸ்பரஸ் எவ்வளவு என்று கீழ்ப்பகுதிக்கு 2007-இலும் மேல், நடுப் பகுதிகளுக்கு 2011-இலும் கணக்கிட்டார்கள். அதை ஊர்களுக்குப் பங்கிட்டு, இருபது ஆண்டில் மூன்று கட்டமாகக் குறைக்க வேண்டும் என்று அனுமதி சொல்கிறது. கேள்வி கேட்டவருக்கு இது பிடிக்கும், இங்கே எண் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணை ஆற்றில் அளப்பதில்லை, அட்டவணையில் கூட்டுகிறோம். நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் நீர் புகாத தளம் ஓர் ஏக்கர் இருந்தால் ஆண்டுக்கு 2.32 பவுண்டு பாஸ்பரஸ் வெளியேறுவதாகக் கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையாக இருந்தால் 1.34 பவுண்டு மட்டும். வண்டிகள் ஓடும் சாலையைவிட வீடுகள் உள்ள தெரு மோசமா என்று எங்கள் நிதிக் குழுவில் ஒருவர் சிரித்தார். பாஸ்பரஸ் வண்டியிலிருந்து வருவது குறைவு. மரத்திலிருந்தும், புல்தரையிலிருந்தும், நாயிடமிருந்தும் வருவதுதான் அதிகம்.

கழிக்கும் பக்கத்தில், தொட்டிகளை ஆண்டுக்கு இரண்டு முறை தூர்வாரினால் 2 சதவீதம் குறைத்ததாக எழுதிக்கொள்ளலாம். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து டிசம்பர் முதல் தேதி வரை வாரந்தோறும் தெருவில் உதிர்ந்த இலைகளை அள்ளினால் 5 சதவீதம். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வோ, இலையுதிர் காலத்தில் தெருவிலிருந்து இலையை நீக்கியதில் மழைநீரில் பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்ததாகக் காட்டுகிறது. தேநீர்ப் பொட்டலத்தை வெந்நீரில் போட்டது போலத்தான் தெருவோர இலையும் மழையில் ஊறி இறங்குகிறது. எண்பத்து நான்கு எங்கே, ஐந்து எங்கே? அட்டவணை எழுதியவர்கள் மரமே இல்லாத ஊரில் வாழ்ந்தவர்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

16 நவம்பர் 2024

மேலே உள்ள கடைசி வரிக்காக வருந்துகிறேன். ஆய்வுக் கட்டுரையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். மேடிசனில் ஒவ்வொரு மழைக்கும் முன்பாகத் தெருவில் ஓர் இலைகூட மிஞ்சாமல் அகற்றியிருக்கிறார்கள். எங்களிடம் உள்ள லாரி வாரம் ஒரு முறை வரும். செவ்வாயன்று அள்ளி, புதனன்று காற்றடித்து இலை விழுந்து, வியாழனன்று மழை பெய்தால், அந்த வாரத்துப் பாஸ்பரஸ் முழுவதும் ஓடையில்தான். அதோடு 84 என்பது ஒரு பருவத்துக்கான கணக்கு, ஐந்து என்பது ஆண்டு முழுவதற்குமானது. ஐந்து இன்னும் குறைவாகவே எனக்குப் படுகிறது. ஆனால் கேலி செய்யும் அளவுக்குக் குறைவில்லை.

தொட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் குழாய்க்குக் கீழே நான்கடி ஆழத்துக்கு மண் தங்க இடம் விட்டிருக்கும். அதில் பாதிக்கு மேல் நிரம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அனுமதி. கோலை விட்டு அழுத்தி, மண் எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியும்வரை பழக வேண்டும். எடுத்த மண்ணைத் தோட்டத்தில் கொட்ட முடியாது. மாநிலச் சட்டப்படி அது திடக்கழிவு. இந்த ஆண்டு ஒரு தொட்டியிலிருந்து மட்டும் பதினேழு டென்னிஸ் பந்துகள் வந்தன. அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

19 டிசம்பர் 2024

ஏழாவது வீட்டின் குழாயை நேற்று மாற்றியாகிவிட்டது. மறுபடி சாயம் ஊற்றிப் பார்த்தோம். இந்த முறை கழிவுநீர் மேன்ஹோலில் வந்தது. வீட்டுக்காரர் தானும் எட்டிப் பார்க்க வேண்டும் என்று குளிரில் நின்றிருந்தார்.

9 பிப்ரவரி 2025

உப்பு. இதைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் என்னிடம் விடை இல்லை. பாஸ்பரஸில் பெரும்பகுதி மண்ணோடும் இலையோடும் ஒட்டி வருகிறது, தொட்டியிலும் மழைநீரை மண்ணில் இறக்கும் மழைத்தோட்டத்திலும் ஓரளவு பிடிக்கலாம். சாலையில் தூவும் உப்பு கரைந்துவிடுகிறது, எதிலும் நிற்காது. நன்னீர் உயிர்களுக்கான நீண்டகால வரம்பு லிட்டருக்குக் குளோரைடு 230 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ ஐந்து கேலன் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். உப்புக் குவியலைக் கூரைக்கடியில் வைக்க வேண்டும் என்கிறது அனுமதி, வைத்திருக்கிறோம். தூவும் இயந்திரத்தின் அளவைச் சரிபார்க்கச் சொல்கிறது, செய்கிறோம். ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு மேட்டுத் தெருவில் வண்டி ஓட்டும் பணியாளரிடம், குறைவாகத் தூவு என்று சொல்லும் துணிவு எனக்கு வந்ததில்லை. அந்த மேட்டில் பள்ளிப் பேருந்து போகிறது.

6 மார்ச் 2025

முந்தாநாள் வந்த தீர்ப்பைக் கேள்வி கேட்டவர் கவனித்தாரா? சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் இபிஏ மீது தொடுத்த வழக்கில், ‘உன் வெளியேற்றத்தால் நீரின் தர வரம்பு மீறப்படக் கூடாது’ என்று முடிவை மட்டும் சொல்லும் நிபந்தனைகளை அனுமதியில் எழுத இபிஏவுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்த்திருக்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலிட்டோ. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது முகமையின் வேலை, அதைச் செய்தவரை ஆற்றின் நிலைக்காகத் தண்டிக்கக் கூடாது என்பது சாரம். உங்கள் அக்டோபர் கேள்விக்கு நேர் எதிரான விடை. ‘எண்ணைக் கொடு, வழியை விடு’ என்று நீங்கள் கேட்டீர்கள். வழியைச் சொல், எண்ணை மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதே என்கிறது நீதிமன்றம்.

அந்த வழக்கு மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் அமைப்பைப் பற்றியது. எங்களைப் போன்ற தனி வடிகால்களுக்குச் சட்டத்தில் வேறொரு பிரிவு இருக்கிறது. ‘பொருத்தமெனக் கருதும் பிற நிபந்தனைகளை’ விதிக்கலாம் என்று அது சொல்வதால், இது எங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் வழக்கறிஞர்கள் மாறுபடுவார்கள். எங்கள் அனுமதியிலும் அப்படிப்பட்ட பொது வாக்கியம் ஒன்று இருக்கிறது. ஊர் வழக்கறிஞர் அதை மஞ்சள் மையால் கோடிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார், குறிப்பு எதுவும் எழுதாமல்.

11 மார்ச் 2025

பட்டியலின் பக்கம் சாய்ந்துவிட்ட நான் தீர்ப்பைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டும். நான்கு நாளாக மனம் ஒப்பவில்லை. ஏன் என்று இன்று காலைதான் பிடிபட்டது.

பட்டியலில் இருப்பது, அதை எழுதியவருக்கு அன்று தெரிந்தது மட்டுமே. சியாட்டில் பக்கத்து ஓடைகளில் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு கூட்டமாகச் செத்தன. காரணம் பல ஆண்டுகள் தெரியவில்லை. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் 6பிபிடி-குவினோன்தான் கொல்கிறது என்று 2020 டிசம்பரில்தான் வெளிவந்தது. அதற்கு முன் எழுதிய எந்த அனுமதியிலும் அந்தப் பெயர் இருந்திருக்க முடியாது. பெயர் தெரியாத நஞ்சுக்கும் பொருந்தும் வாக்கியம் அந்த ‘வரம்பு மீறப்படக் கூடாது’ என்ற பொது வாக்கியம் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால், பட்டியலில் இல்லாத எதற்கும் நான் பொறுப்பில்லை. சட்டப்படி அது எனக்கு நிம்மதி தருகிறது. பொறியாளனாக அந்த நிம்மதி எனக்கு வேண்டாம்.

பாஸ்பரஸ் அட்டவணை ஒருவேளை நடுவழியாக இருக்கலாம். எண்ணும் இருக்கிறது, அதை எட்டும் வேலையும் இருக்கிறது. நவம்பரில் அதைக் கிண்டல் செய்த கை இப்போது பாராட்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

20 ஜூலை 2025

கட்டணத்தைப் பற்றிக் கேள்வியின் முதல் வரியிலேயே இருந்தது, நான் இத்தனை மாதம் தொடவில்லை. ‘நடைமுறையில் இயன்ற உச்ச அளவு’ எவ்வளவு என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது பணம்தான். பல ஊர்களில் மழைநீர் வேலைக்குப் பொதுவரியிலிருந்துதான் பணம் வரும், பள்ளிக்கூடத்தோடும் தீயணைப்போடும் போட்டியிட வேண்டும். அந்தப் போட்டியில் தொட்டி மண் ஜெயித்து நான் பார்த்ததில்லை. தனிக் கட்டணம் வைத்தால், கூரை, கார் நிறுத்தும் தளம் என நீர் புகாத பரப்பை அளந்து அதற்கேற்ப வாங்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2018 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, சதுர அடிக்கு இரண்டரை சென்ட் வரி கொண்டுவந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவைப்பட்டது, கிடைத்தது. மேரிலாந்தில் வேறு கதை. பத்துப் பெரிய நிர்வாகங்கள் கட்டணம் விதித்தே ஆக வேண்டும் என்று 2012-இல் சட்டம் போட்டார்கள். எதிர்த்தவர்கள் அதற்கு ‘மழை வரி’ என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரே பாதி வேலையை முடித்துவிட்டது, 2015-இல் கட்டாயத்தை நீக்கினார்கள். அனுமதியின் கடமை மட்டும் அப்படியே நின்றது.

உங்கள் ஊர்க் கட்டணம் நியாயமா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் ஒன்றைக் கேட்டுச் சொல்லுங்கள்: கல்லூரிக்கும் தேவாலயத்துக்கும் கட்டணம் உண்டா? சொத்து வரியிலிருந்து விலக்கு பெற்றவர்களின் கார் நிறுத்துமிடத்திலும் மழை பெய்கிறது. எங்கள் ஊரில் இரண்டு முறை முயன்றோம், இரண்டு முறையும் ஊர்க் கூட்டத்தில் தோற்றோம். இரண்டாவது முறை படம் காட்டிப் பேசியது நான்தான். அரங்கில் பின்வரிசையில் யாரோ ‘அடுத்தது காற்றுக்கா?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை.

4 அக்டோபர் 2025

கழிவுநீர் கலப்பதை நிறுத்திய பிறகு ஓராண்டுக்குள் அதே வெளிவாயைத் திரும்பப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது அனுமதியில் உள்ளது. இந்த முறை சனிக்கிழமை காலையில் போனேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நுரை இல்லை. கல்லில் இருந்த சாம்பல் படிவு போய், பச்சைப் பாசி லேசாகத் தொடங்கியிருந்தது. குழாயின் அடியில் நூலிழை போலத் தெளிந்த நீர் வந்தது, நிலத்தடிக் கசிவாக இருக்க வேண்டும். அதைப் புட்டியில் பிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

9 அக்டோபர் 2025

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. அம்மோனியா வரம்புக்கு வெகு கீழே. சோப்புப் பொருள் தென்படவில்லை. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா மட்டும் வரம்பைத் தாண்டி நிற்கிறது. அனுமதியின் கணக்குப்படி இது கழிவுநீர்க் கலப்பு அன்று, ஏனென்றால் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ‘உறுதி செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் குறியிட எனக்கு முழு உரிமை உண்டு.

இன்று வேலை முடிந்ததும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய்க் குழாய்க்குள் எவ்வளவு தூரம் குனிந்து பார்க்க முடியுமோ அவ்வளவு தூரம் பார்த்தேன். வண்டலில் குழந்தையின் கைகளைப் போன்ற சிறிய தடங்கள் உள்ளே போயிருந்தன. ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்கு. அதன் கழிவிலும் ஈ.கோலை உண்டு. அது ஏழாவது வீட்டு நீர் நின்ற பிறகு குடிவந்ததா, முன்பே இருந்ததா என்று தடத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கட்டத்தில் இன்னும் குறியிடவில்லை. இரண்டு பஞ்சுத் துண்டுகளை மேல் மேன்ஹோலில் தொங்கவிட்டு வந்திருக்கிறேன். சனிக்கிழமை போய் எடுக்க வேண்டும்.